குல்லாவுக்குச் சொன்ன பேர்

சந்தனமாரிக்குத் தெரியாமல் எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கிற அந்த ஏ.ஆர்.டி. மையத்தின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு தும்மல்கூட விழாது. யார் மாத்திரையைச் சத்துமாவு டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறாள், யார் வீட்டில் சுகர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறார், எந்த நர்ஸ் எந்த லேப் டெக்னீஷியனோடு போன வாரத்திலிருந்து பேசுவதில்லை, எல்லாம் அவள் விரல்நுனியில். பலகையில் அவள் பதவி ‘சக ஆலோசகர்’. அதாவது, தானும் அதே மாத்திரையை விழுங்குகிறவள், புதிதாக வந்தவர்களுக்கு விழுங்கச் சொல்லிக் கொடுப்பாள். ஆறுதல் சொல்ல அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. ஊர்க்கதை பேசுவதைச் சம்பளம் வாங்காமல் செய்தாள். அதில்தான் அக்கறை கூடுதல்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வாய்க்கு நன்றாகத் தையல் போட்டிருந்தாள். அது பேர்.

எச்.ஐ.வி. என்ற எழுத்துகளை முதல்முறை கேட்டு, முகம் வெளிறி, முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு யார் அந்தக் கூடத்துக்கு வந்தாலும், சந்தனமாரி முதலில் செய்வது அவர்களுக்கு ஒரு பேர் வைப்பதுதான். மருத்துவமனைக்குத் தேவை அட்டை எண். பேர் என்பது ஜன்னலில் கூப்பிடுவதற்கு மட்டும். கூப்பிடும்போது கூடத்தில் யார் காது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்து வார்டுக்குக் கட்டுப் போட வந்த ஒன்றுவிட்ட மைத்துனர் காதாகவும் இருக்கலாம். அதனால் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி சொந்தப் பேரையும் ஊரையும் கழற்றி வைத்துவிட்டு, இங்கே வேறொன்றை மாட்டிக்கொள்ள வேண்டியது. கூடத்துப் பேர் என்று அதற்குப் பேர்.

ரோஸிக்கு அந்தப் பேர் வந்தது அவள் கையில் இருந்த ரோஸ் மில்க்கினால். ஆஸ்பத்திரி வாசல் கடையில் வாங்கிய டம்ளரைக் குடிக்கவும் தோன்றாமல் கொட்டவும் தோன்றாமல் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். “ஏட்டி, இனி உள்ள நீ ரோஸி. அழுறதை நிப்பாட்டிட்டுக் குடி” என்று சொல்லி சந்தனமாரி பாதியைத் தான் குடித்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ரோஸியின் நிஜப் பேர் அந்த மையத்தில் சந்தனமாரி ஒருத்திக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது கூடத்தில் தரை துடைக்க ரோபோ வந்துவிட்டது. அது ஆட்கள் காலுக்கடியில் மாட்டிக்கொண்டு, வழி விடுங்கள், வழி விடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கிருமியைத் தேடினாலும் அகப்படாத அளவுக்கு மாத்திரைகள் தேறிவிட்டன. ஆனாலும் நெடுநாள் மாத்திரைக்காரர்கள் சிலருக்கு மூளையில் மட்டும் ஏதோ சாம்பலுக்குள் கங்கு மாதிரி புகைந்துகொண்டே இருந்தது. சாவியை மறப்பார்கள், பிறகு வழியை மறப்பார்கள், பிறகு மாத்திரையையே மறப்பார்கள். அதைத் தடுத்து நிறுத்தப் புதிதாக ஒரு மருந்து வந்தது. சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுகிற மருந்து; விலை தங்கம். நினைவுத் தேர்வு வைத்து, அதில் தோற்கிறவர்களுக்கு மட்டும் இலவசம் என்றது அரசாங்கம். அறிவிப்பு வந்த மாதமே மாநிலம் முழுக்க மறதி பரவிவிட்டது. படம் காட்டி இது என்ன என்று கேட்டால், யானையைப் பார்த்து யோசிக்கிறேன் என்றார்கள்.

அதனால்தான் குல்லா வந்தது.

அது பார்ப்பதற்குக் குழந்தைக்குப் போடுகிற கம்பளிக் குல்லா மாதிரிதான் இருக்கும். உள்ளே மட்டும் பொட்டுப் பொட்டாக உலோகம். தேர்வு எழுதுகிறவர் உண்மையிலேயே முயற்சி செய்கிறாரா, தெரிந்ததைத் தெரியாத மாதிரி நடிக்கிறாரா என்று அது கண்டுபிடித்துவிடுமாம். நடிப்பு என்று அதற்குப் பட்டால் திரையில் சிவப்பாக ‘செல்லாது’ என்று வரும். மதிப்பெண் எவ்வளவு குறைந்திருந்தாலும் மருந்து கிடையாது.

ரோஸிக்குச் சிவப்பு வந்தது.

சந்தனமாரி முதலில் கொஞ்சம் சந்தேகப்படத்தான் செய்தாள். அவள் சுபாவம் அப்படி. எதற்கும் நேரில் பார்த்துவிடலாம் என்று அன்று சாயங்காலமே ரோஸி வீட்டுக்குப் போனாள். ரோஸி தையல்காரி, அவள் தைத்த ரவிக்கையைப் போட்டால் முதுகில் ஒரு சுருக்கம் விழாது என்று நாலு தெருவில் பேச்சு. தையல் மிஷினில் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை கிடந்தது. எடுத்து விரித்துப் பார்த்தாள். இரண்டு கையுமே இடதுகைக்கு வெட்டியது. அதைத் தைத்து முடித்து, ஓரத்தில் மணியும் கோத்திருந்தாள் ரோஸி.

“நல்லா வந்திருக்குல்ல?” என்று கேட்டாள்.

சந்தனமாரி நன்றாக வந்திருக்கிறது என்றாள். பிறகு அடுக்களைக்குப் போய் மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்த்தாள். இருக்கவேண்டியதைவிட எக்கச்சக்கமாக மிச்சம் இருந்தது. மறுபடியும் எண்ணினாள். மறதியினால் மாத்திரை போகிறது. மாத்திரை போனால் கிருமி கிளம்பும். கிளம்பினால் மறதி இன்னும் கூடும். அந்தச் செக்கைச் சுற்ற ஆரம்பித்தால் மாடு நிற்காது. புது மருந்து ஏறினால்தான் உண்டு.

ஒரு மறுதேர்வு உண்டு, மூன்று மாதம் கழித்து. அதிலும் சிவப்பு வந்தால் நடிப்புக்காரி என்று முத்திரை குத்தி, மருந்துத் திட்டத்திலிருந்தே தூக்கிவிடுவார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் தஸ்லிமா சந்தனமாரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினாள். தேர்வு நடத்துகிற மனநல நிபுணர். சின்ன வயது, பெரிய கண்ணாடி, வாணியம்பாடிக்காரி, வாடகை வீட்டில் ஒற்றையாக இருக்கிறாள், வெள்ளிக்கிழமைகளில் பிரியாணி தானே செய்கிறாள், உப்பு குறைச்சல். இவ்வளவும் சந்தனமாரிக்குத் தெரியும். எதற்குக் கூப்பிட்டாள் என்பதுதான் தெரியவில்லை.

தஸ்லிமா சுற்றி வளைக்கவில்லை. மற்ற மாவட்டங்களில் எங்கோ ஒருவருக்கு வருகிற சிவப்பு, இந்த மையத்தில் பாதிப் பேருக்கு மேல் வருகிறது. சென்னையில் கேட்கிறார்கள். யாரோ இங்கே ஆட்களுக்கு நடிக்கப் பழக்குகிறார்கள் என்று நினைக்கிறார்கள்.

“கூடத்துல எல்லாரும் உங்க பேச்சைத்தான் கேக்கறாங்க. நேராவே கேக்கறேன் அக்கா. நீங்க சொல்லிக் குடுக்கறீங்களா?”

சந்தனமாரிக்கு மூக்கு விடைத்தது. புறணி பேசுகிறாள் என்று சொல்லியிருந்தால் பெருமையாக ஒத்துக்கொண்டிருப்பாள். களவாணி வேலை பார்க்கிறாள் என்று ஒருவரும் சொன்னதில்லை. “என் தலையில அந்தக் குல்லாவ மாட்டிக் கேளுங்க மேடம். ரெண்டு கையும் இடதா வெட்டிப் போட்டுட்டு, நல்லா வந்திருக்கான்னு கேக்கா ஒருத்தி. அவளா நடிக்கா? உங்க குல்லாவுக்குத்தான் புத்தி பேதலிச்சிருக்கு.”

தஸ்லிமா கோபப்படவில்லை. பொறுமையாக விளக்க ஆரம்பித்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தல் இருந்திருக்க வேண்டும்.

“இது ஒருத்தர் தனக்குத் தெரிஞ்ச பதிலை உள்ளேயே அமுக்கறாங்களான்னு பாக்குது. அமுக்கினா மூளையில ஒரு இழுப்பு வரும். ஆனா அது ஆளுக்கு ஆள் வேற மாதிரி. அதனால முதல்ல மூணு சுலபமான கேள்வி. பேரு, ஊரு, வீட்டுக்காரர் பேரு. அதுல யாரும் எதையும் அமுக்க வேண்டியதில்லையே. இவங்க உள்ளதைச் சொன்னா கோடு இப்படித்தான் இருக்கும்னு குல்லா அதை வச்சுப் படிச்சுக்கும். அப்புறம் வர்ற பதிலையெல்லாம் அந்தக் கோட்டோட ஒப்பிட்டுப் பாக்கும்.”

சந்தனமாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அந்த மூணு கேள்விக்கே ஒருத்தி மாத்திச் சொல்லிட்டான்னா?” என்று கேட்டாள்.

“சொந்தப் பேரை யாராவது மாத்திச் சொல்வாங்களா?”

“சொன்னான்னா?”

தஸ்லிமா தோளைக் குலுக்கினாள். “எல்லாம் தலைகீழாயிடும். அமுக்கறதுதான் இவங்க இயல்புன்னு எடுத்துக்கும். அதுக்கப்புறம் உள்ளதைச் சொன்னா சந்தேகப்படும். பொய் சொன்னா சரிதான்னு தலையாட்டும்.” சொல்லி முடித்தபோது சந்தனமாரியின் முகத்தைப் பார்த்தாள். “ஏன் அக்கா?”

வெளியே ரோபோ யாரிடமோ வழி கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தது. சந்தனமாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தும்போதே யோசித்தாள். சொன்னால் அத்தனை பேர் ரகசியமும் சந்திக்கு வரும். சொல்லாவிட்டால் ரோஸி போனாள். திரும்பி வந்து உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கதையை மெதுவான குரலில் சொன்னாள். யாருடைய நிஜப் பேரையும் சொல்லவில்லை. எல்லாருக்கும் ரெண்டு பேர் உண்டு என்பதை மட்டும் சொன்னாள்.

தஸ்லிமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை அழுத்திக்கொண்டாள். எத்தனை பேர் என்று கேட்டாள். எல்லாரும் என்றாள் சந்தனமாரி. நான் எத்தனை பேரை நடிப்பு என்று எழுதியிருக்கிறேன் தெரியுமா என்று தஸ்லிமா கேட்டாள்.

கேள்வியை மாற்ற முடியாதா? முடியாது. அது சென்னையில் பூட்டியிருக்கிறது. நாங்கள் எழுதிக் கேட்டு, குழு கூடி, மாறி வர வருஷமாகும் என்றாள் தஸ்லிமா. அதுவரை ஒரே வழி, மறுதேர்வில் நிஜப் பேரைச் சொல்வது. மறுதேர்வில் ‘செல்லும்’ என்று வந்தால், கூட வந்தவரும் குல்லாவை மாட்டிக்கொண்டு, இவர் சொன்னது இவர் பேர்தான் என்று உறுதி சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று அவள் சொன்னதில் ஒரு வால் இருந்தது. நிஜப் பேர் குல்லாவுக்குள் போனால் அது குடும்ப நல அட்டையோடு போய் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் ஒருவருக்குப் பல் பிடுங்கினால்கூட உறவுமுறை அத்தனை பேர் போனிலும் மணியடிக்கிற திட்டம் அது. குடும்பம் ஒன்றுக்கொன்று அக்கறையாக இருக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்களாம். ரோஸியின் மகளைத் தென்காசிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. சம்பந்தியம்மாள் இரண்டு காது போதாமல் போனையும் காதாக வைத்துக்கொண்டிருக்கிறவள். சந்தனமாரிக்கே சவால் விடக்கூடிய ஆள்.

மறுநாள் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் ரோஸிக்கு எடுத்துச் சொன்னாள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

“அவ மாமியா பாத்துட்டான்னா, எம்புள்ளய வச்சிருப்பாளா?” என்றாள் ரோஸி. அது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

“நீ புத்தி மாறிப் போயி, நடுத்தெருவுல நின்னு நீயே எல்லார்ட்டயும் சொல்லுவ. அதுக்கு இது மேல் இல்லையா? மாமியா ஏசுனா ஏசட்டும். நீ ஆளா இருந்தாத்தான அவளத் திருப்பி ஏச முடியும்.”

ரோஸி நெடுநேரம் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். அது போகவில்லை. “சொல்லிருதேன்” என்றாள்.

அந்த மூன்று மாதமும் சந்தனமாரிக்குச் சோறு இறங்கவில்லை. காலையும் ராத்திரியும் வீடியோ போன் போட்டு, எதிரிலேயே மாத்திரையை விழுங்க வைத்தாள். ஆனால் போனை எடுக்கவே ரோஸி மறக்கிற நாட்கள் கூடிக்கொண்டே போயின. தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு எந்த பஸ் என்று தெரியாமல் அழுதவளைக் கண்டக்டர் ஒருவர் கொண்டுவந்து விட்டார். கூடத்தில் பெண்கள் ரோஸியைப் பற்றிக் கேட்டால், சந்தனமாரி பேச்சை நர்ஸுகள் சண்டைக்குத் திருப்பிவிட்டாள்.

தேர்வு நாளன்று ரோஸிக்கு நல்ல சேலை கட்டிவிட்டு, வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டு வந்தாள். மேடம் பேர் கேட்பார்கள், அப்போது உன் பேரைச் சொல்ல வேண்டும், பயப்படக் கூடாது. ரோஸி எல்லாவற்றுக்கும் சமர்த்தாகத் தலையாட்டினாள்.

தஸ்லிமா குல்லாவை மாட்டிவிட்டாள். திரையில் கோடு ஓட ஆரம்பித்தது. கூட வந்தவர் திரையைப் பார்க்கக் கூடாது என்று சந்தனமாரியை எதிர்ப்பக்கம் உட்காரவைத்திருந்தார்கள். ஆனால் தஸ்லிமாவின் பெரிய கண்ணாடியில் அந்தக் கோடு அப்படியே தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள்.

“உங்க பேரு?”

“ரோஸி.”

பாவி, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாளே. வாயைத் திறக்கவும் முடியாது; திறந்தால் தேர்வே ரத்து. சந்தனமாரி கண்ணாடியையே பார்த்தாள்.

கோடு அசையவில்லை. காற்றில்லாத குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது.

ஊர் கேட்டார்கள். சந்தனமாரி என்றைக்கோ கொடுத்த ஊரை ரோஸி சொன்னாள். வீட்டுக்காரர் பேர் கேட்டார்கள். அதுவும் சந்தனமாரி கொடுத்த பேர்தான். கோடு தூங்கிக்கொண்டிருந்தது.

பிறகு படங்கள் வந்தன. சொற்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ரோஸி நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, பரீட்சைக்கு வந்த பள்ளிப்பிள்ளை மாதிரி பாடுபட்டாள். முக்கால்வாசி தப்பு. கத்தரிக்கோல் படத்தைப் பார்த்துவிட்டு, “இது என் கையில இருக்குமே, இது என்னது” என்று தஸ்லிமாவிடமே கேட்டாள். அப்போது தஸ்லிமா குனிந்துகொண்டாள்.

திரையில் பச்சையாக வந்தது. செல்லும்.

ரோஸியை வெளியே அழைத்துப்போய்ப் பெஞ்சில் உட்காரவைத்தாள் சந்தனமாரி. இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி நின்று, அவள் நிஜப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இத்தனை காலத்தில் முதல்முறையாக, அந்தக் கட்டடத்துக்குள். ரோஸி நிமிர்ந்தாள். கூப்பிட்டது யாரை என்று, தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தப் பேருல இங்க யாரும் இல்லையேக்கா” என்றாள்.

உள்ளே தஸ்லிமா காத்திருந்தாள். மேசையில் குல்லா இருந்தது. எல்லாருக்கும் இரண்டு பேர் என்று சொன்னவள் சந்தனமாரிதான். போன தேர்விலும் ரோஸி, இந்தத் தேர்விலும் ரோஸி. அது நிஜப் பேரா என்று தஸ்லிமா கேட்கவில்லை; கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது.

“உறுதி சொல்லணும் அக்கா. உக்காருங்க.”

சந்தனமாரி உட்கார்ந்தாள். அது பேர் இல்லை என்று உள்ளதைச் சொன்னால், முதல் மூன்று பதிலும் பொய் என்று ஆகி, பச்சை சிவப்பாகும்; மருந்து போச்சு. அதுதான் பேர் என்று பொய் சொன்னால் குல்லா பிடித்துக்கொள்ளும். அப்போதும் மருந்து போச்சு. குல்லா தலையில் ஏறி, அந்த உலோகப் பொட்டுகள் குளிர்ச்சியாகப் பதிந்தபோதுதான் மூன்றாவது வழி தெரிந்தது. அதைத் தஸ்லிமாவே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். முதல் கேள்விக்கே பொய் சொன்னால், அடுத்த பொய்க்கு அது தலையாட்டும்.

ஆனால் அந்தப் பொய் பொய்யாகவே இருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். ரோஸிக்கு ஆன மாதிரி அவளுக்கும் ஆகியிருந்தால்? கூடத்துப் பேர் வைக்கிற வழக்கத்தை ஆரம்பித்தவள், முதலில் யாருக்கு வைத்திருப்பாள்? சொந்தப் பேரை அவள் வாயால் சொல்லி எத்தனையோ காலமாகிறது. நினைத்துப் பார்த்தே எவ்வளவோ நாளாகிறது. அவசரமாக உள்ளே தேடினாள். அம்மா குரலில் தேடினாள், வரவில்லை. பள்ளிக்கூடத்து ஆஜரில் தேடினாள், வரவில்லை. கடைசியில், விட்டுவிட்டுப் போன அந்த மனுஷன் குளியலறைக்குள்ளிருந்து துண்டு கேட்டுக் கத்துவானே, அந்தக் கத்தலில் இருந்தது. ஈரமும் சோப்பு நுரையுமாக முழுசாக வந்து நின்றது. அதை இறுக்கிப் பிடித்து, தொண்டைக்குள் அமுக்கினாள்.

“உங்க பேரு?”

“சந்தனமாரி.”

கண்ணாடியில் கோடு துள்ளி எழுந்தது.

தஸ்லிமா அதைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். நிறுத்திவிட்டு மறுபடி கேட்க அவளுக்கு உரிமை உண்டு. சட்டப்படி கடமையும்கூட. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

“ஊரு?”

வாய்க்கு வந்த ஊரைச் சொன்னாள்.

“வீட்டுக்காரர் பேரு?”

இல்லாத ஒருவனை அந்த நிமிஷமே கட்டிக்கொண்டாள். கோடு ஒவ்வொன்றுக்கும் துள்ளியது. குல்லா சமர்த்தாகப் படித்துக்கொண்டது.

“வெளியில உக்காந்திருக்கறவங்க சொன்னது அவங்க பேர்தானா?”

“ஆமா. ரோஸிதான்.”

பச்சை.

தஸ்லிமா குல்லாவைக் கழற்றி எடுத்தாள். திரையை அணைத்தாள். அணைத்துவிட்டதை இவள் பார்க்கும்படி அதைத் திருப்பியும் வைத்தாள்.

“அக்கா, எனக்காகக் கேக்கறேன். உங்க பேரு என்ன?”

ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிற சந்தனமாரி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். “மருந்து எந்த வார்டுல மேடம் ஏத்துவாங்க?” என்று கேட்டுக்கொண்டே வெளியே போனாள்.

கூடத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள், எப்படிக் கிடைத்தது? ஒன்றுமில்லை, போங்க என்றாள். அவர்களுக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. நாளெல்லாம் அடுத்த வீட்டுக் கதையை வாரி வாரி இறைக்கிறவளுக்கு இன்றைக்கு மட்டும் என்ன ராங்கி என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

வார்டில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. புகைச்சலை நிறுத்தும், போனதைக் கொண்டுவருமா என்பது ஆளைப் பொறுத்தது என்று தஸ்லிமா சொல்லியிருந்தாள். ரோஸி கண்ணயர்ந்துவிட்டாள். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சந்தனமாரி உட்கார்ந்தாள். என்றாவது ஒருநாள் விழித்து, என் பேர் என்ன என்று இவள் கேட்டால் சொல்வதற்கு ஆள் வேண்டும். சந்தனமாரியும் அதே மாத்திரையைத்தான், இவளைவிட அதிக காலமாக, விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

உதடு அசையாமல், இரண்டு பேர்களையும் ஒன்று மாற்றி ஒன்று சொல்லத் தொடங்கினாள். ரோஸியுடையது ஒருதரம், தன்னுடையது ஒருதரம்.